கூம்பில் போட்ட ஏழாவது பாட்டு

காதுகுத்து வீட்டில் பிள்ளை அழுவது வழக்கம். தாய்மாமன் அழுதுகொண்டே வந்து இறங்கியதை என் தொழிலில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்.

வாழைமரம் கட்டிய பந்தல் வாசலில் பைக்கைச் சாய்த்துப் போட்டார். ஸ்டாண்டு போடக்கூட நிற்கவில்லை. பின்சக்கரம் சுற்றிக்கொண்டே கிடந்தது. தோளில் துண்டு, கையில் மஞ்சப்பை, செருப்பு ஒரு காலில் மட்டும். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த சனம் கையை உதறிக்கொண்டு எழுந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. வீட்டு வாசலைப் பார்த்து, "வள்ளீ" என்று ஒரு சத்தம் கொடுத்தார்.

நான் பந்திக்காகப் பாட்டை நிறுத்திவிட்டு மிக்ஸர் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவரை அப்படி ஓடிவர வைத்தது நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் பென் டிரைவில் இருந்த ஒரு பாட்டுக்காரிக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

அந்தம்மா

இந்தத் தொடரை இந்த வாரம்தான் படிக்க வந்தீர்கள் என்றால் ஒரு வார்த்தை. என் பெயர் ஜமீலா. கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளி போகிற ரோட்டில் எங்களுக்கு சவுண்ட் சர்வீஸ் கடை. அப்பா தொடங்கியது, நாங்கள் அத்தா என்போம். அவருக்கு லாரி ஏறி மலைக்குப் போவது அலுத்ததும் நான் ஏறிக்கொண்டேன். பொம்பளை செட்டுப் போட வருகிறாளா என்று முதலில் வாயைப் பிளந்தவர்கள், இப்போது நான் கிடைக்காவிட்டால் தேதியை மாற்றுகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தப் பாட்டுக்காரி எங்களிடம் வந்து சேர்ந்தது ஒரு பழைய சிடி பிளேயரோடு. மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவிலிருந்து ரிப்பேருக்கு வந்தது. சரிசெய்துவிட்டு போன் போட்டால், "ஊட்டையே வித்தாச்சுங்க, அத நீங்களே வெச்சுக்கங்க" என்றார்கள். திறந்து பார்த்தேன், உள்ளே ஒரு சிடி. அதன் உறை பையில் தனியாகக் கிடந்தது. கண்ணை மூடி, கன்னத்தில் கைவைத்தபடி ஒரு கறுப்பு அம்மா. காதில் வளையல் அளவுக்குத் தங்க வளையம்.

"இந்தம்மாவுக்குக் காது குத்துன ஆசாரி கைராசிக்காரன்" என்றார் அத்தா.

பாடகியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு போனில் தேடப் போய்விடுவீர்கள். முதலில் என் காதால் கேளுங்கள். எங்கள் கடையில் அவருக்குப் பெயர் அந்தம்மா. அவ்வளவு போதும்.

அவர் பாடுவதை சோல் என்கிறார்கள், பாப் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தக் குரல் வயிற்றிலிருந்து கிளம்புகிறது, வழியில் எங்கேயும் தங்குவதில்லை. இங்கிலீஷ் வரிகள் எனக்குப் பாதிதான் புரியும். மீதியை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, அதனால் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

அந்த சிடி அவருடைய புகழ்பெற்ற பாட்டுகளை மட்டும் பொறுக்கிப் போட்ட தொகுப்பு. கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்று உறையிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. அத்தாவுக்கு அதில்தான் வருத்தம். "மிச்சப் பாட்டெல்லாம் எங்கம்மா போச்சு? அதையும் அந்தம்மாதான பாடுச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவர் யார்? கல்யாணத்துக்கு ஒரு கேசட், சடங்குக்கு ஒரு கேசட், கோயில் பொங்கலுக்கு ஒரு கேசட் என்று வாழ்நாள் முழுக்கப் பொறுக்கிப் பொறுக்கிப் பதிந்தவர். பிடிக்காத பாட்டை யாராவது கேட்டால் டேப் சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிடுவார்.

எனக்கு அந்தத் தொகுப்பில் பிடித்தது அதன் வரிசை. அது வருட வரிசை இல்லை. முதல் பாட்டில் அவருக்கு நடுவயது. இரண்டாவதில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் துள்ளல். ஏழாவதில் அந்தம்மா வாழ்க்கையில் நிறையப் பார்த்துவிட்டார். எட்டாவதில் மறுபடி சின்னப் பிள்ளை. நானும் இந்தத் தொடரை அப்படித்தான் எழுதுகிறேன். ஆசிரியர் வாரம் தவறாமல், "எந்த வருசம்னு போடுங்கம்மா" என்று கேட்கிறார். அந்தம்மா போடவில்லை, நானும் போடமாட்டேன். குரலை வைத்து வயதைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிடி தேய்வதற்குள் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து செட்டைச் சோதிக்க எனக்கு அந்தம்மாதான். மற்ற செட்டுக்காரர்கள் மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ என்பார்கள். நான் மூன்றாவது பாட்டைப் போடுவேன். பாக்ஸ் ஸ்பீக்கர் உதறினால் உள்ளே கோன் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். கூம்பு ஸ்பீக்கருக்கு ஏழாவது பாட்டு. அதன் தொடக்கத்தில் மேளதாளம் ஒன்றுமே கிடையாது. ஒற்றைக் குரல், தனியாக, இழுத்து இழுத்துப் பாடும். பாதிக்கு மேல்தான் தாளம் சேரும். சேர்ந்தபிறகு யாராலும் சும்மா உட்கார முடியாது.

எதிர் மலைக்காரனுக்கு

கூம்பு ஸ்பீக்கரைக் கீழே ஊருக்குள் கட்டினால் கழற்றச் சொல்லிவிடுவார்கள். மலைமேல் கதை வேறு. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர். எதிர் வீட்டு அடுப்புப் புகைகூடக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் போகவேண்டும் என்றால் செம்மேடு என்ற ஊரைச் சுற்றித்தான் ரோடு. அதனால் விசேஷ வீட்டில் பலா மரத்து உச்சியில், பள்ளத்தைப் பார்த்துக் கூம்பைக் கட்டச் சொல்வார்கள். பந்தலில் இருப்பவர்களுக்குப் பாக்ஸ் போதும். கூம்பு எதிர் மலைக்காரனுக்கு.

அங்கே முதல் பாட்டுதான் செய்தி. நாதஸ்வரம் வந்தால் கல்யாணம். பிள்ளையார் பாட்டு முடிந்து மாமன் பெருமை பாடும் பாட்டு வந்தால் சடங்கு, இல்லாவிட்டால் காதுகுத்து. மேளமில்லாமல் ஒரு பெண்குரல் மட்டும் இழுத்துப் பாடினால் எழவு. அதைக் கேட்டுத்தான் எதிர் ஊரில் எந்தச் சட்டையை எடுத்து மாட்டுவது என்று முடிவு செய்வார்கள். எல்லார் கையிலும் போன் வந்தபிறகும் இது மாறவில்லை. மலையில் டவரைவிடப் பலா மரத்துக்கு மதிப்பு அதிகம்.

இவ்வளவும் தெரிந்த நீயா அந்தப் பாட்டைக் கூம்பில் போட்டாய் என்று கேட்பீர்கள். போட்டேன். அதற்கு முன்னால் வள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

யார் மடியில்?

வாசலூர்பட்டியைத் தாண்டி உள்ளே போகும் ஊரில் வள்ளியின் வீடு. புருசன் ராசு. மிளகும் அன்னாசியும் போட்டிருக்கிறார்கள். ஒரே பெண் மித்ரா, நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான். அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்துகிற விசேஷத்துக்குத்தான் நான் போயிருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் நான் வயரை இழுத்துக்கொண்டிருந்தபோது வள்ளி காப்பி கொண்டுவந்தாள். என்னைவிட வயதில் சின்னவள். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமன் பாட்டு நாளைக்குப் போடுவீங்களாக்கா?"

"காதுகுத்துக்கு அது இல்லாமலா?"

"அதப் போட வேண்டாங்க்கா."

காரணம் கேட்டேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்தான் அவள் பிறந்த ஊர். அங்கே அவளுடைய அண்ணன் பொன்னுசாமி இருக்கிறார். பேச்சுவார்த்தை இல்லை.

"எங்கண்ணன் புள்ள சடங்குக்குப் பட்டுப்பாவாடை எடுக்க நாமக்கல் போனனுங்க. திரும்பி வாரப்ப மழை. ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னுபோச்சு. நான் வந்து சேர்றதுக்குள்ள தண்ணி ஊத்தி முடிச்சுட்டாங்க. அத்தன பேரு முன்னால அண்ணன், அத்தக்காரி விருந்தாளியாட்டம் சோத்து நேரத்துக்கு வாரான்னு சொல்லிப்போட்டாருங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. பாவாடைய அவரு வாசப்படியில வெச்சுட்டு வந்துட்டன்."

அதிலிருந்து அவள் அங்கே போகவில்லை, அவர் இங்கே வரவில்லை. காதுகுத்துக்கு அழைக்க ராசுவும் வள்ளியும் வெற்றிலைத் தட்டோடு போய் நின்றிருக்கிறார்கள். அவர் தட்டைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவ ஊட்டு வாசப்படிய இனி எழவுக்குத்தான் மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டாராம்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும். ராசு செம்மேட்டிலிருந்து வள்ளியின் சித்தப்பா மகனை வரச் சொல்லியிருந்தார். ஏதோ ஒரு மடி கிடைத்தால் சரி என்பது அவர் கணக்கு. வள்ளி அவரிடம் தலையை ஆட்டிவிட்டாள். என்னிடம் வேறு சொன்னாள்.

"அண்ணன் வல்லைன்னா மொட்டைய மட்டும் அடிச்சுட்டு, சோத்தப் போட்டு எல்லாத்தையும் அனுப்பிருவனுங்க்கா. காது குத்த உடமாட்டன். என்ர புள்ளைக்கு மாமன் இருக்கறாரு. இருக்கறவர இல்லாதவராக்கி இன்னொருத்தர் மடியில எப்படிங்க உக்கார வெக்கறது?"

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"நாளைக்குத் தெரியட்டும்" என்றாள். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்துப்போயிற்று. என்னிடமும் அது வேண்டிய மட்டும் இருக்கிறது.

பனிக்குள் ஒரு குரல்

மறுநாள் விடிந்ததும் பள்ளம் தெரியவில்லை. பனி அடைத்திருந்தது. நான் கூம்புகளுக்குப் புது யூனிட் வாங்கி மாட்டியிருந்தேன். அதன் சத்தம் எதிர் மலையில் மோதி எப்படித் திரும்புகிறது என்று கேட்டே ஆகவேண்டும் போலிருந்தது. மலையில் கூம்பைச் சோதிக்கும்போது ஹலோ சொல்லி நிறுத்திக்கொள், பாட்டுப் போடாதே என்பது அத்தாவின் சட்டம். ஹலோவில் என்ன தெரியும்? ஏழாவது பாட்டைப் போட்டேன். இன்றைக்கு அதே இடத்தில் நிறுத்தினாலும் போடுவேன்.

அந்தம்மா பாடத் தொடங்கினார். குரல் பனிக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் எதிர் மலையிலிருந்து திரும்பி வந்தது. அவர் ஒன்று கேட்டு, அவரே பதிலும் சொல்லிக்கொள்வது போலிருந்தது. சமையல்காரர் சாம்பார் கிண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. பெரிய ஊர்களில் பெரிய மேடைகளுக்கெல்லாம் செட்டுப் போட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்ட மாதிரி ஒரு சத்தத்தை என் கையால் நான் எழுப்பியதில்லை.

ராசு வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். "ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா எழவூட்டாட்டம் இழுக்குதுங்க?"

"இருங்க, இப்பத் தாளம் வரும்" என்றேன்.

தாளம் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. குளிரில் ஜெனரேட்டர் முரண்டு பிடித்தது. அதைக் கெஞ்சிக் கிளப்பி, முறைப்படி பிள்ளையார் பாட்டுப் போடுவதற்குள் சமையல்காரர் முதல் ஈடு இட்லியை எடுத்துவிட்டார். அதோடு நான் அதை மறந்தும்போனேன்.

அந்தப் பக்கத்தில் நடந்ததைப் பொன்னுசாமி பிறகு தன் வாயாலேயே சொன்னார். பால் கேனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறார். தங்கச்சி வீட்டுப் பலா மரத்திலிருந்து ஒரு பெண்குரல். மேளம் இல்லை. முன்பின் கேட்ட பாட்டும் இல்லை. பிறகு அதுவும் பாதியில் அறுந்துவிட்டது. வள்ளியின் நம்பரை அவர் அழித்திருக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விசேஷ வீட்டில் அலமாரி மேல் கிடக்கும் போனை யார் எடுப்பார்கள்?

மனைவியிடம் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். எங்கள் பிள்ளையார் பாட்டு அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் மலை மடிப்பைத் தாண்டி செம்மேட்டில் இருந்தார். அங்கே ஒரு துணிக்கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார்கள்.

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை போகவேண்டும். அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். கோடி என்று பெயர். அண்ணன்காரர் எடுத்தாக வேண்டிய சேலை அது.

பந்தலுக்கு முந்தின திருப்பத்தில் மித்ராவின் படம் போட்ட பிளெக்ஸ் பேனர் இருந்தது. பிளெக்ஸ் நல்லதுக்கும் வைக்கிறார்கள், கண்ணீர் அஞ்சலிக்கும் வைக்கிறார்கள். குழந்தையின் முகத்தைப் பார்த்தவருக்கு எழுத்தைப் படிக்கக் கண் நிற்கவில்லை. ஒரு செருப்பு கழன்று விழுந்தது அங்கேதானாம்.

ஆரு செத்தா?

வள்ளீ என்ற சத்தத்தைக் கேட்டு வள்ளியே வெளியில் வந்தாள். இடுப்பில் மித்ரா. மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

பொன்னுசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, ஆரு செத்துட்டாங்க?" என்று பதறிப்போய்க் கேட்டாள் வள்ளி.

அவர் அவளை உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பார்த்தார். "நீதான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பேசினார். பாட்டுக் கேட்டதைச் சொன்னார், பாதியில் நின்றதைச் சொன்னார். "எழவுக்குத்தான் மிதிப்பேன்னு இந்த வாயாலதான சொன்னேன் கண்ணு. வழியெல்லாம் அதேதான் காதுல கேட்டுச்சு."

பாட்டு என்றதும் ராசு திரும்பி என்னைப் பார்த்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனியவில்லை. மேஜையை விட்டு நகரவும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ஒரு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"வந்துட்டீங்கல்லங்கண்ணா. ஏந்திரிங்க" என்றாள் வள்ளி.

எழுந்தவர் மஞ்சப்பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். அதை வள்ளி பார்த்துவிட்டாள். மாமன் சீர் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள். கைநீட்டி வாங்கிப் பிரித்தாள். சிவப்புச் சேலை. விலைச்சீட்டுகூட எடுக்கவில்லை. முந்தானை ஓரத்தில் மஞ்சள் இல்லை.

நல்லதுக்கு எடுக்கும் புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் கொண்டுவருவார்கள். மஞ்சள் இல்லாத சேலை எதற்கு வந்தது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

ராசுவின் பெரியம்மா முன்னால் வந்தார். "அதத் தொடாத சாமி. கீழ போடு. கொண்டுபோயி ஆத்துல உடச் சொல்லு."

வள்ளி கீழே போடவில்லை. "இது ஆருக்கு எடுத்ததுங்கண்ணா?"

அவர் துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"எனக்குத்தானுங்களே?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

பிள்ளைக்குப் போட வைத்திருந்த புதுச்சட்டையோடு தட்டில் மஞ்சள் கரைத்த கிண்ணம் இருந்தது. வள்ளி மித்ராவை அண்ணன் கையில் கொடுத்தாள். விரலை மஞ்சளில் தோய்த்தாள். சேலையை விரித்து ஒவ்வொரு மூலையிலும் அழுத்தி வைத்தாள்.

"மஞ்ச வெக்காட்டித்தான் கோடி. வெச்சா சீரு" என்றாள். பெரியம்மா மறுபடி ஏதோ சொல்ல வந்தார். "செத்தப்பொறகு போத்தி உட்டா நெறம் நல்லாருக்குதான்னு நானா பாக்கப்போறேன்? இப்பவே கட்டிக்கறேங்க பெரியம்மா."

உள்ளே போனாள். அவள் கட்டிக்கொண்டு வெளியே வரும்வரை ஒருவரும் உட்காரவில்லை. சிவப்பு அவளுக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. பெரியம்மாகூட மடிப்பை ஒருமுறை சரிசெய்துவிட்டார்.

செம்மேட்டுச் சித்தப்பா மகன் சந்தோஷமாக இட்லிப் பந்திக்குப் போய்விட்டார். பொன்னுசாமி பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மித்ரா அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் வீறிட்டாள். மாமனும் கூடவே அழுதார். நான் மாமன் பாட்டைப் போட்டேன், யாரையும் கேட்கவில்லை.

சாப்பாடெல்லாம் ஆனபிறகு என் மேஜைக்கு வந்தார். கையில் இன்னும் பிள்ளையின் சந்தனம் ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, காலைல ஒரு பாட்டுப் போட்டீங்களே. பாதியில நின்னுபோச்சுங்க. அந்தம்மா என்ன ஆனாங்க?"

இத்தனை வருடத்தில் ஒரு பாட்டைப் பற்றி என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "நல்லாத்தான் இருக்காங்க. கேளுங்க" என்று ஏழாவது பாட்டை முதலிலிருந்து போட்டேன். கூம்பில்தான் போட்டேன்.

அந்தம்மா இழுத்துப் பாடினார். மலை திருப்பிப் பாடியது. பொன்னுசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். பாதி தாண்டியது. தாளம் வந்து சேர்ந்தது. சமையல்காரர் கரண்டியால் அண்டாவைத் தட்டினார், மித்ரா ராசுவின் தோளில் இருந்துகொண்டு குதித்தாள், பந்தலில் பாதிப் பேருக்குக் கால் ஆடியது.

பொன்னுசாமியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எதிர் ஊரிலிருந்து அவர் மனைவி. மறுபடியும் அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கேட்டுவிட்டுப் பயந்துபோய்க் கூப்பிட்டிருக்கிறார். இந்தச் சத்தத்தில் கேட்கவேண்டுமே, அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"ஆரும் சாவுல. தங்கச்சி நல்லாருக்கறா. நான் எடுத்த சேலையத்தான் கட்டியிருக்கறா. மாட்டக் கட்டிப்போட்டுட்டுப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வா. பெட்டியில அவ அத்தை எடுத்த பட்டுப்பாவாடை இருக்குது பாரு. அதக் கட்டிக் கூட்டிக்கிட்டு வா."